ஊர் சிறிதாயினும் சபை வேண்டும்



பிழைப்பை நாடி வேற்றூருக்குக் குடிவந்தவர்கள் முதலில் விசாரிப்பவை சில உண்டு. வாடகை எவ்வளவு, பிள்ளைகளுக்குப் பள்ளி எங்கே, குழாயில் தண்ணீர் எப்பொழுது வரும், ரேஷன் அட்டைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பன அவை. இந்த ஊரின் காரியங்களை நடத்துபவர் யார், அவரைக் கேள்வி கேட்கத்தக்க இடம் எது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. குடிவந்த இடத்தில் வாய் திறவாமல் இருப்பதே மரியாதை என்று எண்ணுவோர் நம் குடும்பங்களில் பலர். அந்த எண்ணத்தால் நமக்கும் நன்மை இல்லை. நம்மை ஏற்றுக்கொண்ட ஊருக்கும் நன்மை இல்லை.

ஆதலின் இத்திங்கள் இப்பகுதியில், நமக்கு அருகிலுள்ள விழிஞ்ஞத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு சிற்றூரின் ஆட்சி அமைப்பை எவ்வாறு ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லக் கருதுகின்றோம். பொருள் சற்று வறண்டது போலத் தோன்றலாம். ஆயினும் தெரு விளக்கும், சாக்கடையும், முதியோர் உதவித் தொகையும், வீடற்றவர்க்கு வீடும் இவ்வமைப்பின் வழியாகவே நம் வாசலுக்கு வருகின்றன என்பதை நினைந்தால், இதன் அருமை விளங்கும்.

பழைய துறையும் புதிய துறைமுகமும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், கோவளத்தை அடுத்துள்ள கடற்கரை ஊர் விழிஞ்ஞம். ஆய் மரபு மன்னர்களின் தலைநகராகவும் துறைமுகமாகவும் அது ஒரு காலத்தில் விளங்கிற்று. அதனைக் கைக்கொள்ளப் பாண்டியரும் சோழரும் படை நடத்தினர் என்பதைச் செப்பேடுகள் கூறுகின்றன. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சிறு குடைவரைக் கோயில் ஒன்று அங்கே இன்றும் இருக்கின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அந்நாளைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபொழுது, விழிஞ்ஞம் அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது.

ஊரின் பெரும்பாலோர் கடலை நம்பி வாழ்பவர்கள். கத்தோலிக்க மீனவரும் முஸ்லிம் மீனவரும் அக்கடற்கரையில் அடுத்தடுத்துக் குடியிருக்கின்றனர். அவர்களுக்கு அருகிலேயே இந்நாளில் ஒரு பெருந்துறைமுகம் எழுந்துள்ளது. 2015ஆம் ஆண்டு அதன் கட்டுமானப் பணி தொடங்கிற்று. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் அங்கு வந்தது. 2024 டிசம்பரில் வணிகப் போக்குவரத்துத் தொடங்கி, 2025 மே 2ஆம் நாள் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இச்செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் எல்லோரும் படித்திருக்கின்றோம்.

ஆனால் அதே ஊரில் 2010ஆம் ஆண்டு நிகழ்ந்த மற்றொரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதுவரை விழிஞ்ஞம் ஒரு கிராமப் பஞ்சாயத்து. அவ்வாண்டில் விழிஞ்ஞம், கழக்கூட்டம், ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்று ஆகிய 5 கிராமப் பஞ்சாயத்துகளும் திருவனந்தபுரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. மாநகராட்சி 100 வார்டுகளைக் கொண்டதாக விரிந்தது. 2025ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர் எல்லைகள் மீண்டும் வகுக்கப்பட்டு அவ்வெண் 101 ஆயிற்று. விழிஞ்ஞத்துக்கெனத் தனியே இருந்த பஞ்சாயத்து மன்றமும், அதன் தலைவரும், அதன் அலுவலகமும் மாநகராட்சியில் கரைந்தன.

பெற்றதும் விட்டதும்

இந்த இணைப்பைப் பழிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. நகரம் வளர்ந்து ஊரைத் தொட்டுவிட்ட பிறகு, குடிநீர்க் குழாயும் கழிவு அகற்றலும் சாலையும் எல்லைக்கல்லைப் பார்த்து நின்றுவிட முடியாது. சிறிய பஞ்சாயத்தின் வருவாய் சிறிது. பொறியாளரும் நகர் அமைப்பு அறிந்தவரும் அதனிடம் போதிய அளவில் இரார். பெருந்துறைமுகம் வரும் ஊருக்குப் பெரிய அமைப்பின் துணை தேவைதான். மேலும் கேரள உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் மகளிர்க்கு என்ற சட்டம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததும் அதே 2010ஆம் ஆண்டுத் தேர்தலில்தான். ஆதலின் அவ்வாண்டில் ஊருக்கு வந்த புதுமைகள் யாவும் தீமை என்று சொல்வது பொருந்தாது.

ஆயினும் ஒன்றைப் பெறும்பொழுது மற்றொன்றை விடுகின்றோமா என்று பார்ப்பது குடும்பக் கணக்குக்கும் உரியது, ஊர்க் கணக்குக்கும் உரியது. விழிஞ்ஞம் விட்டது கிராம சபை.

கிராம சபை என்பது யாது? இந்திய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனை ஒட்டிக் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் 1994ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அச்சட்டப்படி, கிராமப் பஞ்சாயத்தின் ஒவ்வொரு வார்டிலும் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர். தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, யாரும் நியமிக்க வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் போதும். சபை 3 மாதத்திற்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கூட்ட வேண்டிய வார்டு உறுப்பினர் தொடர்ந்து இரு முறை கூட்டத் தவறினால் அவர் பதவிக்கே கேடு நேரும். வீடு, உதவித் தொகை முதலியவற்றுக்கு உரியோர் யார் என்ற முன்னுரிமைப் பட்டியலைச் சபையே செய்கின்றது; அந்த வரிசையைப் பஞ்சாயத்து தன் விருப்பம்போல் மாற்றுதல் ஆகாது. 1996ஆம் ஆண்டு கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் பகிர முற்பட்டபொழுது, ஊர்த் தேவைகளை எடுத்துரைக்கும் முதல் களமாக அமைந்தது இச்சபையே.

மாநகராட்சியின் நிலை வேறு. கேரள நகராட்சிச் சட்டமும் 1994ஆம் ஆண்டில் எழுந்ததுதான். ஆனால் மக்கள் தொகை 1 இலட்சத்திற்கு மேற்பட்ட நகரங்களில், அனைவரும் உறுப்பினராக உள்ள சபைக்கு மாறாக வார்டுக் குழு என்ற அமைப்பையே அச்சட்டம் விதிக்கின்றது. வார்டு கவுன்சிலர் அதன் தலைவர். குடியிருப்போர் சங்கங்கள், அயல்கூட்டங்கள், கல்வி நிலையங்கள் முதலியவற்றின் சார்பாளர்கள் அதில் அமர்கின்றனர். திட்டம் வகுக்கும் காலங்களில் வார்டு அளவில் மக்கள் கூட்டங்களும் கூட்டப்படுவதுண்டு. எனினும் இருவகைக்கும் உள்ள வேறுபாட்டை மறத்தல் கூடாது. கிராம சபையில் ஒரு மீனவர் தம் பெயரால் எழுந்து பேசுகின்றார். வார்டுக் குழுவில் அவருக்காகப் பேச ஒருவர் இருக்கின்றாரா என்று அவர் தேட வேண்டியிருக்கின்றது. குடியிருப்போர் சங்கம் என்பது வீடுகள் நிரையாக அமைந்த நகர்ப்புறத்தில் எளிதில் தோன்றும். வலையும் படகும் வாழ்க்கையுமாக உள்ள கடற்கரைக் குடியிருப்பில் அது அவ்வாறு தோன்றுவதில்லை. வாடகைக்குக் குடியிருப்போர்க்கு அத்தகைய சங்கங்களில் இடம் கிடைப்பதும் அரிது. இது நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொருந்தும் செய்தி.

விழிஞ்ஞத்தை அடுத்துள்ள வெங்ஙானூரும் கோட்டுகாலும் இன்றும் கிராமப் பஞ்சாயத்துகளாகவே உள்ளன. ஒரே கடல், ஒரே தொழில், ஒரே வகைக் குறைகள். எனினும் எல்லைக்கு அப்பால் உள்ளவர்க்குக் கிராம சபையில் தாமே உறுப்பினராகும் உரிமை உண்டு. இப்பால் உள்ளவர்க்கு அவ்வுரிமை அதே வடிவில் இல்லை. எல்லைக் கோட்டை வரைவது அதிகாரிகளுக்கு ஒரு வரைபட வேலை. அது குடிமகனின் உரிமையையும் உடன் மாற்றிவிடுகின்றது என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

முன்னோர் வகுத்த முறை

சிற்றூரின் சபைக்கு ஒழுங்கு வகுப்பது நம் நாட்டிற்குப் புதியதன்று. விழிஞ்ஞத்தின்மீது படையெடுத்து வென்றதாகச் செப்பேடுகள் புகழும் பாண்டியன் மாறஞ்சடையனின் காலத்தது என்று கருதப்படும் கல்வெட்டு ஒன்று திருநெல்வேலியை அடுத்த மானூரில் உள்ளது. காலம் ஏறத்தாழ 800ஆம் ஆண்டு. சபையில் அமர்வதற்கு நிலமும் கல்வியும் நல்லொழுக்கமும் வேண்டும் என்று அது விதிக்கின்றது. அதில் ஒரு விதி நம் கருத்தைக் கவர்வது. எந்தக் காரியம் வந்தாலும் "அன்று, அன்று" என்று மறுத்துரைத்துச் சபையை முடக்குவோர்க்கு 5 காசு தண்டம் என்கின்றது அவ்விதி. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரும் அத்தகையோர் இருந்தனர் என்பதும், அவர்களை அடக்கச் சபையே விதி செய்துகொண்டது என்பதும் இதனால் தெரிகின்றன.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் யாவரும் அறிந்தவை. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். தேர்ந்தவர்கள் 360 நாள் பணி செய்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வற்சர வாரியம் எனக் கடமைகள் பகுக்கப்பட்டன. இவற்றினும் சிறந்தவை விலக்கு விதிகள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியராகார். அண்மையில் 3 ஆண்டுக்குள் பணி செய்தவரும் உரியராகார். பதவி ஒரு குடும்பத்தில் ஊன்றிவிடாமலும், கணக்கு மறைந்துவிடாமலும் காக்கும் வழி அது.

அப்பழம்பெருமையை அளவறிந்து பேச வேண்டும். அச்சபைகள் நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் சபைகள். பெண்டிர்க்கும் உழைப்பாளர்க்கும் அங்கே இடமில்லை. விதிகள் நுட்பமானவை, கதவு குறுகியது. கதவை அகலத் திறந்தது நம் காலத்துச் சட்டமே.

அக்கதவு திறக்கப்பட்டதன் அருமையை வெங்ஙானூர் மண்ணே நமக்கு உணர்த்தும். 1863ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்தவர் அய்யன்காளி. தம் மக்கள் பொதுச் சாலையில் நடக்கவும், பள்ளியில் சேரவும், உழைப்புக்கு மதிப்புப் பெறவும் போராடியவர். 1904ஆம் ஆண்டு தோன்றிய திருவிதாங்கூர் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் அவர் 1911ஆம் ஆண்டு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். சட்டம் செய்யும் அதிகாரம் அச்சபைக்கு இல்லை. குறைகளை எடுத்துரைக்கலாம், அவ்வளவே. எனினும் நிலமற்ற தம் மக்களுக்கு நிலமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேண்டும் என்று அவர் அங்கே எழுந்து கேட்டார். அதுவரை அதிகாரிகளின் காதில் விழாத குரல் அரசாங்கப் பதிவில் ஏறிற்று. அதிகாரம் இல்லாத சபையில் கிடைத்த ஓர் இடமே அத்தனை பயன் தருமாயின், அதிகாரமுள்ள ஊர்ச் சபையில் ஒவ்வொருவருக்கும் உள்ள இடத்தை நாம் எவ்வளவு போற்ற வேண்டும்!

கோயிற் பங்கும் ஊர்ச் சபையும்

கடற்கரை ஊர்களில் வேறொரு நிலையும் உண்டு. பஞ்சாயத்துச் சட்டங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, கத்தோலிக்க மீனவரிடையே பங்குக் கோயிலும், முஸ்லிம் மீனவரிடையே ஜமாஅத்தும் ஊர்க் காரியங்களைக் கவனித்து வந்தன. பிணக்குத் தீர்ப்பதும், துன்பக் காலத்தில் உதவுவதும், அரசாங்கத்திடம் ஊருக்காகப் பேசுவதும் அவற்றின் வழியாகவே நடந்தன. இன்றும் பெரிய அளவில் அவ்வாறே நடக்கின்றன. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை துறைமுக வாயிலில் மீனவர் நடத்திய போராட்டத்தை முன்னின்று நடத்தியது திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டம். கடல் அரிப்பும், வீடிழந்தோர் மறுவாழ்வும், கரையின் நிலை பற்றிய ஆய்வும் அவர்தம் கோரிக்கைகளில் இருந்தன.

அப்போராட்டத்தின் நன்மை தீமைகளை எடை போடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. துறைமுகம் மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. பஞ்சாயத்து நீடித்திருந்தாலும் அதனைக் கட்டுப்படுத்தியிருக்க முடியாது. ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. மக்கள் தம் அச்சத்தையும் இழப்பையும் முறையாகச் சொல்லி, அது தீர்மானமாக எழுதப்பட்டு, பதில் பெறுவதற்குரிய பொது இடம் ஊருக்குள் வலுவாக இருக்க வேண்டும். அவ்விடம் மெலிந்தால் பேச்சு முழுதும் சமயத் தலைமையின் தோளில் விழுகின்றது. ஒரே கடலில் மீன்பிடிக்கும் இரு சமயத்தார் தத்தம் தலைமைவழி தனித்தனியே பேச வேண்டியவராகின்றனர். கிராம சபை போன்ற பொது இடத்தில் அவர்கள் ஒரே பாயில் அமர்ந்து பேசியிருக்கக் கூடும்.

சமய அமைப்பிற்குள்ளும் முறை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு இருந்தே ஆக வேண்டும் என்கின்றது. பங்குப் பேரவை ஆலோசனை கூறுவதற்கு உரியது. அதன் எல்லை அந்தச் சமயத்தாருக்குள் அடங்கும். ஊர் முழுவதற்கும் உரிய சபையின் வேலையை அது செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதற்கும் பாரம், ஊருக்கும் குறை.

இங்கிலாந்தில் இதே சிக்கல் எழுந்தது. நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் குடியேறியிருக்கின்றனர். அவர்கள் தம் ஊர்ப் "பாரிஷ் கவுன்சில்" பற்றிக் கடிதங்களில் எழுதக் காணலாம். பாரிஷ் என்றால் கோயிற் பங்கு. சிற்றூரின் சாலை, ஏழையர் நலம் முதலிய காரியங்களைப் பங்குக் கோயிலின் கூட்டமே முன்னர் அங்கே நடத்தி வந்தது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தினிடம் ஒப்படைத்தது. பெயர் மட்டும் பழையபடி நின்றது. மணமான பெண்டிரும் மணமாகாத பெண்டிரும் அம்மன்றத்திற்கு வாக்களிக்கவும் உறுப்பினராகவும் அச்சட்டம் வழி செய்தது.

இன்றும் அங்கே ஆண்டுதோறும் மார்ச் 1 முதல் ஜூன் 1 வரையுள்ள காலத்துக்குள் ஊர் வாக்காளர் அனைவரும் கலந்து பேசும் கூட்டம் ஒன்று நடந்தாக வேண்டும். மன்றத்தின் கணக்குப் புத்தகங்களை 30 வேலை நாள் எவரும் பார்வையிடலாம். அமைப்பை மறு ஆராய்ச்சி செய்வதற்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்துள்ளது. 10 அல்லது 15 ஆண்டுக்கு ஒரு முறை ஊர் எல்லையையும் மன்றத்தையும் ஆராய்வது நன்று என்பது அரசாங்க வழிகாட்டுதல். குறித்த எண்ணிக்கையில் வாக்காளர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தால் ஆராய்ச்சி நடந்தே தீர வேண்டும். மேலிருந்து வரும் ஆணைக்குக் காத்திராமல், கீழிருந்து ஊரார் தொடங்கக் கூடிய முறை அது. விழிஞ்ஞம் இணைக்கப்பட்டுப் 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நன்மை எவை, குறை எவை என்று ஊராரைக் கேட்டு ஆராயத்தக்க காலம் இதுவே.

ஆராய்வோர் கேட்க வேண்டிய ஐந்து

எந்தச் சிற்றூரின் அமைப்பை ஆராய்ந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேட்டால் பெரும்பாலும் உண்மை வெளிப்படும்.

முதலாவது, சபையில் உறுப்பினர் யார்? வாக்காளர் எல்லோருமா, சிலருடைய சார்பாளர் மட்டுமா? குடவோலை முறை எவ்வளவு நேர்த்தியாயினும் குறுகிய கதவுடையது என்று கண்டோம். புதிய அமைப்புகளிலும் கதவின் அகலத்தை அளந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கூட்டம் எப்பொழுது, எங்கே நடக்கின்றது? மீனவர் கடலுக்குச் செல்லும் நேரத்தில் கூட்டினால் அவர் வர முடியாது. கூலி வேலை செய்பவரை வேலை நாளின் முற்பகலில் அழைத்தால் அவர் ஒரு நாள் ஊதியத்தை இழந்தே வர வேண்டும். சட்டம் கொடுத்த உரிமையைக் கடிகாரம் பறித்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, கணக்கு எவர் கண்ணுக்குப் படுகின்றது? தணிக்கை அறிக்கை அலமாரிக்குள் இருந்தால் அது ஊருக்குரிய கணக்காகாது. கேரளத்தில் உள்ளாட்சி ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பெறுவதற்குப் பஞ்சாயத்துச் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தமே வழி செய்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதனை நாடு முழுதும் வலுப்படுத்திற்று.

நான்காவது, தவறு நேர்ந்தால் முறையிட வேண்டிய இடம் எது? உள்ளாட்சிகளின் முறைகேடுகளை விசாரிக்கக் கேரளத்தில் ஒம்புட்ஸ்மேன் என்ற நடுவர் அமைப்பு உண்டு. பஞ்சாயத்து, மாநகராட்சி இரண்டும் அதன் விசாரணைக்கு உட்பட்டவை. இதை அறிந்தவர் சிலர். பயன்படுத்துபவர் அவரினும் சிலர்.

ஐந்தாவது, பெரிய அமைப்புக்குள் சிறிய சபை வாழ வழி உண்டா? இணைப்பா, தனிமையா என்ற இரண்டே வழி உள்ளதாக எண்ண வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022ஆம் ஆண்டில் வார்டுக் குழுக்களோடு பகுதி சபைகளும் ஏற்படுத்தப்பட்டன. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் வாக்காளர் அனைவரும் கூடிப் பேசும் முறை அது. 2022 நவம்பர் 1ஆம் நாள், உள்ளாட்சி நாளில், அவை கூட்டப்பட்டன. நடைமுறையில் அவற்றிலும் குறைகள் இருக்கலாம், கருத்து நல்லது. மாநகராட்சியின் வலிமையும் கிராம சபையின் நெருக்கமும் ஒருங்கே கிடைக்க வேண்டுமாயின், விழிஞ்ஞம் போன்ற கடற்கரை வார்டுகளுக்கு இத்தகைய சிறு சபை ஒன்று சட்ட உரிமையாகவே வேண்டும் என்பது நம் கருத்து.

நாம் செய்ய வேண்டியவை

இனி நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள். மாநகராட்சி எல்லைக்குள் வாழ்வோரும் உண்டு. சுற்றியுள்ள பஞ்சாயத்துகளில் வாழ்வோரும் உண்டு. எவ்விடத்தில் வாழினும் முதற்கடன் ஒன்றே. உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டமன்றத் தேர்தலுக்குரிய பட்டியல் வேறு. கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்குரிய பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையம் தனியே தயாரிக்கின்றது. ஒன்றில் பெயர் இருப்பதால் மற்றொன்றிலும் இருக்கும் என்று வாளா இருத்தல் கூடாது. வாடகைக்குக் குடியிருப்பவரும் ஊரில் நிலையாக வசிப்பவராயின் சேர உரியவரே.

பஞ்சாயத்தில் வாழ்பவர்கள் கிராம சபைக்குச் செல்லுங்கள். குடும்பத்தில் ஒருவரேனும் செல்லுங்கள், பெண்டிரும் செல்லுங்கள். மாநகராட்சியில் வாழ்பவர்கள் தம் வார்டுக் குழு எப்பொழுது கூடுகின்றது, அதில் யார் யார் உள்ளனர் என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களில் நம் வீட்டுப் பெண்டிர் சேர்வது நலம். 1998ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வியக்கத்தின் வழியாக ஊர்ச் செய்திகள் வாசலுக்கே வருகின்றன. வார்டுக் குழுவில் பேசும் வாய்ப்பும் வருகின்றது.

மொழி தடை என்று சிலர் தயங்குகின்றனர். மலையாளம் நம் தமிழுக்கு உடன்பிறப்பு; சில திங்கள் பழகினால் சபையில் பேச வந்துவிடும். அதுவரை வாய் மூடியிருக்க வேண்டுவதில்லை. குறை தீர்க்க வேண்டி இந்நாட்டின் எந்த அதிகாரிக்கும், ஒன்றியத்திலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் விண்ணப்பிக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு உரிமை தருகின்றது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசாங்கத்தோடு எழுத்துத் தொடர்பு கொள்ள இடம் தருகின்றது. தேதியிட்டு, கையொப்பமிட்டு, ஒரு படி வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வாருங்கள். பத்துப் பேர் கூடிச் செல்லுங்கள். மலையாளி அண்டை வீட்டாரையும் உடனழைத்துச் செல்லுங்கள். சாக்கடை அடைப்பு எந்த மொழிக்காரருக்கும் ஒரே நாற்றந்தான்.

சபையில் நம் குறையை மட்டும் சொல்லித் திரும்புதலும் போதாது. மற்றவர் குறையைக் கேட்கப் பொறுமை வேண்டும். எதிர்ப்பதற்கென்றே எதிர்ப்பவர்க்கு மானூர்ச் சபையார் தண்டம் விதித்ததை நினைவில் கொள்ளுங்கள். கணக்குக் கேட்பவரும் மரியாதையோடு கேட்க வேண்டும். காட்டுபவரும் மனம் கோணாமல் காட்ட வேண்டும். கணக்குக் கேட்பது அவமதிப்பு என்று எண்ணும் ஊரில் நல்லவரும் பதவிக்கு வரத் தயங்குவர்.

விழிஞ்ஞத்தில் கப்பல்கள் இனி மேன்மேலும் வரும். கரையில் உள்ள மீனவரின் வீடு நிற்குமா, அவருடைய படகுக்கு வழி இருக்குமா, அவர் பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை கிடைக்குமா என்ற கேள்விகளும் உடன் வரும். அவற்றை அவரே எழுந்து கேட்டுப் பதில் பெறும் இடமொன்றை அவ்வூரில் அமைப்பது, துறைமுகத்தைக் கட்டியது போலவே முயன்று முடிக்க வேண்டிய பணியாகும். அதற்குரிய கோரிக்கையில் மீனவர் கையொப்பத்தோடு நம் கையொப்பமும் சேரட்டும்.